வெள்ளைச்சி எடுத்த உருவம்

குறும்பை நாட்டைச் சித்திரகண்டன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்த காலத்தில், காட்டோரம் போனவர்கள் வீடு திரும்பாமல் போனார்கள். ஒரே மழைக்காலத்தில் ஏழு பேர். நினைத்த உருவம் எடுக்கும் அரக்கன் ஒருவன் அவர்களைத் தின்கிறான் என்று ஊர் பேசியது. ராஜாவுக்குக் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். பத்து நாளில் அரக்கனைப் பிடிக்காவிட்டால் தலை இருக்காது என்று தளபதி உக்கிரசேனரிடம் சொல்லிவிட்டார்.

பத்தாம் நாள் காலையில் தளபதி ஒரு பெண்ணை விலங்கிட்டு இழுத்துவந்தார். பெயர் வெள்ளைச்சி, விறகு விற்கிறவள். காட்டோரம் நின்று "சடையா, வாடா" என்று கூப்பிட்டிருக்கிறாள். அரக்கர்கள் பேர் சொல்லித்தான் ஆளை அழைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வழியாகப் போன காவல்காரனுக்கும் சடையன் என்றுதான் பேர்; ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடியே வந்துவிட்டான். சடையன் காட்டுக்குப் போய் வராத தன் மகன் என்று அவள் அழுததை யாரும் காதில் வாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவளைத் தீயில் தள்ள ராஜா உத்தரவிட்டார்.

மந்திரி கங்காதரர் எழுந்தார். அவர் வாயைத் திறந்தாலே தளபதிக்கு வயிறு எரியும்.

"தளபதியாரே, இவள் எந்த உருவமும் எடுப்பாளா?"

"எடுப்பாள்."

"எறும்பாக?"

"தாராளமாக."

"பிறகு ஏன் உம்முடைய விலங்குக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்?"

ராஜா சிரித்துவிட்டார். அதுவும் அரக்கியின் தந்திரம்தான் என்றார் தளபதி. ராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் மறுபடியும் தளபதி பக்கம் சாய்ந்தார்.

மந்திரி சற்று யோசித்தார். பிறகு அவள் அருகில் போனார்.

"தாயே, உன்னால் முடியுமானால் உன் மகன் உருவத்தை எடுத்துக் காட்டு."

தளபதி சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

வெள்ளைச்சி மந்திரியையே பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வந்துட்டானா, சாமி?"

ராஜா தன் கையாலேயே விலங்கை அவிழ்த்தார். உண்மையான அரக்கனைப் பிடிக்கும்வரை அரண்மனை வாசலை மிதிக்கக் கூடாது என்று தளபதியைத் துரத்தினார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். சபை மந்திரியின் புத்தியைப் புகழ்ந்தது. அவளைக் காப்பாற்ற வேறு கேள்வியே கிடைக்கவில்லையா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளைச்சி போகவில்லை. மந்திரியின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சரியா செய்யலை போல, சாமி," என்றாள். "இன்னொரு தரம் பாக்கட்டுமா?"