பசிக் குழுவில் ஒரு கேளையாடு

கரடியும் காட்டுப்பன்றியும் குரங்கும் ஆற்றங்கரைப் பலாத் தோப்பில் வயிறு முட்டத் தின்றுவிட்டு நிழலில் சாய்ந்திருந்தன. அவைதான் அந்தக் காட்டின் பசிக் குழு.

தோப்பை அடைத்து வைத்திருந்தது யானை ராஜா. மழை இல்லாத காலத்தில் யாராவது பட்டினி கிடந்தால் அதைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. பசி இருக்கிறதா இல்லையா என்று குழு சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர் 'இருக்கிறது' என்று சொன்னாலே தோப்பு திறந்துவிடும்.

குழுவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பசியோடு இருப்பவர் பேச்சில் நிதானம் இருக்காதாம். அதனால் முதலில் குழுவில் உள்ள எல்லாரும் தோப்பில் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு அவரவர் வயிற்றைத் தொட்டு, சத்தியமாகப் பதில் சொல்ல வேண்டும்.

"காட்டில் பசி இருக்கா?" என்று தலைவர் கரடி கேட்டது.

காட்டுப்பன்றி தன் வயிற்றைத் தொட்டது. "இல்லை."

குரங்கும் தொட்டது. "துளிகூட இல்லை."

கரடியும் தொட்டுப் பார்த்துவிட்டு, "பசி இல்லை" என்று ராஜாவுக்குச் சொல்லியனுப்பியது. மூன்றில் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

மேற்குச் சரிவிலோ புல் கருகிவிட்டது. மரங்கள் மொட்டையாக நின்றன. அங்கே செவலி என்ற கேளையாடு, ஆட்டளவே உள்ள சின்ன மான், பிறந்து சில நாட்களே ஆன தன் குட்டியோடு கிடந்தது. தின்ன எதுவும் இல்லாததால் செவலிக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, முட்டுவதையும் விட்டுவிட்டது.

செவலி தள்ளாடி நடந்து யானை ராஜாவிடம் போனது.

"ராஜா, குழுவுல இருக்கிற மூணு பேருமே ஆத்தங்கரைக்காரங்க. எங்க பசி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

யானை நல்ல மனம் உள்ளதுதான். "நீ சொல்றது நியாயம். குரங்கை எடுத்துட்டு உங்க சரிவு ஆள் ஒருத்தரைப் போடறேன். யாரைப் போடலாம்?"

சரிவில் இருந்த எல்லாரும் கூடி முள்ளம்பன்றியைத் தேர்ந்தெடுத்தார்கள். எலும்பும் முள்ளுமாக இருந்த அது யாருக்கும் பயப்படாமல் பேசக்கூடியது.

"போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

தோப்பில் அதன் முன்னால் ஒரு பலாப்பழத்தைப் பிளந்து வைத்தார்கள். முள்ளம்பன்றி பழத்தின் முகத்தையே மறந்திருந்தது. தின்றது, தின்றது, கொட்டையைக்கூட விடவில்லை. கண் சொருகுகிற நேரத்தில் கரடி கேட்டது.

"பசி இருக்கா? வயித்தைத் தொட்டுச் சொல்லுங்க."

முள்ளம்பன்றி தொட்டது. வயிறு கல் மாதிரி இருந்தது. சத்தியம் ஆயிற்றே, எப்படிப் பொய் சொல்வது?

"இல்லை" என்றது.

அது சரிவுக்குத் திரும்பியதும் எல்லாரும் ஆசையாகச் சூழ்ந்துகொண்டார்கள். முள்ளம்பன்றி தலையைத் தூக்கவே இல்லை.

"என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்டது செவலி.

"வயித்தைத் தொட்டுச் சொல்லச் சொன்னாங்க தாயி. அந்த நேரத்துல எனக்குப் பசியில்லை. நான் என்ன செய்ய?"

"உங்க வயித்தைப் பத்தி யாருண்ணே கேட்டா?"

முள்ளம்பன்றி அழுதது. அழுது என்ன செய்ய, குட்டிக்கு அது பாலாகிவிடுமா?

செவலி மறுபடியும் ராஜாவிடம் போனது. "சரி, முள்ளம்பன்றியை எடுத்துட்டு உன்னையே போடறேன். அதுக்கு மேல நான் என்ன செய்யறது?" என்றது யானை. ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அது இன்னும் நம்பிக்கொண்டிருந்தது.

குட்டியை முள்ளம்பன்றியின் காவலில் ஒரு பாறை நிழலில் விட்டுவிட்டு, செவலி தோப்புக்கு வந்தது. அதன் முன்னால் பலாச்சுளையும் இலையும் குவிந்தன. செவலி யோசித்தது. தின்னாவிட்டால் பால் சுரக்காது, குட்டி பிழைக்காது. தின்றால் 'பசி இருக்கிறது' என்று சத்தியம் செய்ய முடியாது, சரிவே பிழைக்காது.

கண்ணை மூடிக்கொண்டு தின்றது. பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

"பசி இருக்கா?" என்று கரடி கேட்டது.

செவலி தன் வயிற்றைத் தொட்டது. "என் வயிறு நெறைஞ்சிருக்கு. ஆனா காட்டுல பசி இருக்கு."

கரடி எழுந்து நின்றது. "வயித்தைத் தொட்டுக்கிட்டே பொய்ச் சத்தியமா? இப்படி ஒரு அநியாயம் இந்தக் குழுவுல நடந்ததே இல்லை."

"நான் பொய் சொல்லலை, ஐயா. இது என் ஒருத்தி வயிறு. காடு முழுக்க இது ஒண்ணுதானா இருக்கு?"

"அதை ராஜா முன்னால சொல்லு. ராஜா வர்ற வரைக்கும் இங்கிருந்து ஒரு அடி நகரக் கூடாது" என்று காட்டுப்பன்றி வழியை மறித்தது.

"என் குட்டிக்குப் பால் கொடுத்துட்டு ஓடி வந்துடறேன். விடுங்க."

"விசாரணை முடியட்டும்."

யானை ஆற்றில் குளித்து, மூங்கில் தின்று, ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. செவலியின் மடியில் பால் கட்டி, வலிக்கத் தொடங்கியிருந்தது. கரடி குற்றத்தை விளக்கியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ராஜா, என்னைத் தண்டிக்கிறதா இருந்தா தண்டிங்க" என்றது செவலி. "அதுக்கு முன்னால ஒரே ஒரு தரம் எங்க சரிவுக்கு வாங்க. நீங்களும் வந்ததில்லை, இவங்களும் வந்ததில்லை."

யானைக்குச் சுருக்கென்றது. மறு பேச்சு பேசாமல் நடந்தது. செவலி முன்னால் ஓடியது. கரடியும் காட்டுப்பன்றியும் மூச்சு வாங்கப் பின்னால் வந்தன.

பாறையடியில் முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தைப் பார்த்ததுமே செவலிக்குப் புரிந்துவிட்டது.

குட்டி காலை நீட்டிப் படுத்திருந்தது. செவலி அதன் வாய் அருகே மடியைக் கொண்டுபோனது. பால் தானாகச் சொட்டி, குட்டியின் உதட்டை நனைத்து, மண்ணில் இறங்கியது. குட்டி வாயைத் திறக்கவில்லை.

யானை தும்பிக்கையை நீட்டி அந்தச் சின்ன வயிற்றைத் தொட்டது. தோலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கரடியும் தொட்டது. தொட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை.

அன்றைக்கே தோப்பின் வேலியை யானை தானே பிடுங்கி எறிந்தது. சரிவிலிருந்து முயலும் மானும் எலியும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இறங்கி வந்தன.

"இனி நீதான் குழுவுக்குத் தலைவி" என்றது யானை, செவலியிடம்.

"யாரை வேணும்னாலும் போடுங்க, ராஜா. வெறும் வயித்தோட எங்க சரிவுக்கு ஏறி வந்து, கிடக்கிறவங்களைத் தொட்டுப் பாத்துட்டு, அப்புறம் சொல்லச் சொல்லுங்க. எனக்குப் பதவி வேண்டாம்."

அதைச் சொல்லிவிட்டு, செவலி குட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

பசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்களில் ஆளை மாற்றினால் மட்டும் போதாது. தன் வயிற்றைக் கேட்டுப் பேசும் வழக்கத்தை மாற்றி, பசித்தவரின் வயிற்றைத் தொட்டுப் பேசினால்தான் உயிர்கள் பிழைக்கும்.