யானை முன்னே ஒரு கேள்வி

ஊர்களை எண்ணிவிடலாம், காடுகளை எண்ண முடியாது என்றிருந்த காலத்தில், கரடிமலைச் சீமையைத் தென்னவராயன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்காது. சொத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களின் நிலபுலனை அரண்மனையே பார்க்கட்டும் என்று ஒருநாள் இரக்கப்பட்டுச் சட்டம் போட்டான். பொறுப்பை மந்திரி காளிங்கராயர் கையில் கொடுத்தான். அதோடு மறந்தும் போனான்.

காளிங்கராயர் மறக்கவில்லை. யாருக்குப் புத்தி போதாது என்று கண்டுபிடிக்க ஒரு வழக்கம் வைத்தார். பட்டத்து யானையின் துதிக்கைக்குக் கீழே ஆளை நிறுத்திக் கேள்வி கேட்பார். நாக்குக் குழறினால் தீர்ந்தது. தோப்பும் வயலும் அவர் கைக்கு, ஆள் அவர் மாட்டுக்கொட்டகைக்கு. உள்ளே போனவர் வெளியே வந்ததை ஊர் பார்த்ததில்லை.

இப்போது சிலம்பாயி என்பவள் வீட்டு வாசலில் சேவகர்கள் நின்றார்கள். அவள் தம்பி மருதன் வளர்ந்த ஆள், மனசு மட்டும் குழந்தை. அப்பன் விட்டுப்போன மாந்தோப்பு அவன் பேரில் இருந்தது. சிலம்பாயி அவனுக்குத் தலை சீவிவிட்டாள்.

"அக்கா, கொட்டகைக்கா போறோம்?" என்றான் மருதன்.

ஊர் பேசியதெல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் சீப்பை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சேவல்சண்டை இல்லாததால் ராசாவே அரண்மனை முற்றத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தான். யானையைப் பார்த்ததும் மருதன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான். காளிங்கராயர் சிரித்தார். "ஏம்மா, உன் தம்பிக்கு ஏழும் ஐந்தும் எத்தனை என்று தெரியுமா?"

 பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று சிலம்பாயிக்குத் தெரியும்.

"தெரியாதுங்க. கூட்டவும் தெரியாது, விற்கவும் தெரியாது. அவனுக்கு ஆள் துணை வேணும்தான்" என்றவள், ராசா பக்கம் திரும்பினாள். "ஆனா சாமி, பார்த்துக்கப் போறவருக்குப் புத்தி தெளிவா இருக்கணுமில்லையா? அவரை முதல்ல அங்க நிறுத்திக் கேளுங்களேன்."

ராசாவுக்கு இது புது விளையாட்டாகத் தோன்றியது. போய் நில்லும் என்று கைகாட்டினான். காளிங்கராயர் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. யானை அவர் பிடரியில் ஊதியது. தலைப்பாகை கழன்று விழுந்தது.

"உம்ம மூத்த மருமகள் பேர் என்ன?" என்று கேட்டான் ராசா.

"அது... அவள்... அது வந்து..."

ராசா சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் இந்த இடத்தில் நின்றவர்களெல்லாம் எப்படிக் குழறியிருப்பார்கள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது.

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். இனி உம்மையும் உம்ம சொத்தையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். யாரை வைக்கட்டும்? நீரே சொல்லும்."

காளிங்கராயர் சபையைச் சுற்றிப் பார்த்தார். மைத்துனன் உதட்டை நக்கிக்கொண்டான். கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னே வந்தார்கள். அவர் இத்தனை நாள் அடுத்தவர் தோப்புகளைப் பார்த்த அதே பார்வை எல்லார் கண்ணிலும் இருந்தது. விரலை மெல்ல நீட்டினார். அது சிலம்பாயியைக் காட்டியது. அப்படியே ஆகட்டும் என்று ராசா தலையசைத்தான்.

இனிமேல் யாரைக் கேட்பதானாலும் அவரவர் வீட்டில், உட்காரவைத்து, பழகின முகங்கள் பக்கத்தில் இருக்கத்தான் கேட்க வேண்டும் என்றான் ராசா. மருதனின் தோப்பை அக்காளே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னான். மறந்துவிடாமலிருக்க அங்கேயே பறையறையச் செய்தான்.

சிலம்பாயி தம்பி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே காளிங்கராயரிடம் போனாள்.

"பயப்படாதீங்க, உங்களுக்கும் வேளாவேளைக்குச் சோறு வரும். முதல்ல அந்தக் கொட்டகைச் சாவியைக் கொடுங்க."