வாய்க்கரிசிச் சோறு

புன்னைத்துறைச் சுடுகாட்டில் பிணம் சுடும் தொழில் செய்து வந்தவர் குழகனார். இறந்தவர் வாயில் இட உறவினர் கொண்டுவரும் அரிசியில் மிஞ்சியதே அவருக்குக் கூலி. சிதை எரியும்போதெல்லாம் திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டிருப்பார். அரிசியில் பாதியை உலையிலிட்டு, மறுபாதியைத் தாழிகளில் சேர்த்து வைப்பார். "பசித்து வரும் அடியார்க்கு" என்பார். சுடுகாட்டு அரிசியை உண்ண எந்த அடியார் வருவார் என்று ஊரார் நகைத்தனர். அவர் மனைவி நங்கையார் மட்டும் அரைவயிற்றோடு அதற்கு உடன்பட்டார்.

ஒரு கார்த்திகையில் சிதைப்புகை மேலே எழாமல் தரையோடு தவழ்ந்தது. கடற்கரையில் ஒரு பறவையும் இல்லை. நாய்கள் ஊரைவிட்டுச் சுடுகாட்டு மேட்டில் வந்து ஒண்டின. மறுநாள் பெருங்காற்றோடு கடல் ஊருக்குள் புகுந்தது.

நீர் வடிந்தபோது கோயில் களஞ்சியத்து நெல்லெல்லாம் உப்பேறி அழுகிக் கிடந்தது. வெளியூர்ப் பாதைகளும் அறுந்துபோயின. சில நாளில் அழுகுரல் ஓய்ந்து, அதைவிட அஞ்சத்தக்க அமைதி ஊரைச் சூழ்ந்தது. மேட்டுக்குப் பிணங்கள் வந்துகொண்டே இருந்தன. உடன் அரிசி வரவில்லை. வந்தவற்றில் குழந்தைகளே மிகுதி.

கடல்நீர் ஏறாத மேட்டில் சேர்த்து வைத்திருந்த தாழிகளைக் குழகனார் திறந்தார். கணவனும் மனைவியுமாய்ச் சோறாக்கிக் கோயில் வாசலுக்குச் சுமந்து சென்றனர். ஊர்த்தலைவர் மேழியார் வழிமறித்தார்.

"குழகா, இது பிணத்துக்கு வந்த அரிசி. தின்றவன் வீட்டில்தான் அடுத்த சாவு."

"ஐயா, பிள்ளைகள் பசியால் சாகிறார்களே."

ஒருவரும் கை நீட்டவில்லை. தாய்மார் குழந்தைகளின் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

அப்போது முதிய ஆண்டி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அமர்ந்தார். "எனக்குப் போடப்பா" என்றார். ஆவலோடு உண்டவர், இலையில் ஒரு பிடி மிஞ்சியிருக்கையில் பின்னால் சாய்ந்தார். மேழியார் குனிந்து பார்த்தார். மூச்சில்லை.

"நான் சொன்னேனே" என்றார் மெல்ல. பலர் கைகளில் கல் ஏறியது.

அடியவரைக் கொன்றுவிட்டேனோ என்று குழகனாரின் உள்ளம் நடுங்கியது. ஆயினும் அவர் ஓடவில்லை. "அவருக்கு நேர்ந்தது எனக்கும் நேரட்டும்" என்று அந்த இலையின்முன் அமர்ந்து, மிஞ்சிய சோற்றை உண்டு கண்களை மூடினார். கல்லேந்திய கைகள் அவர் சாவதற்காகக் காத்திருந்தன. ஐந்தெழுத்தை முணுமுணுக்கும் அவர் உதடுகள் ஓயவேயில்லை.

"பெரியவரைக் காணோமே" என்றாள் ஒருத்தி. ஆண்டி கிடந்த ஈரமண்ணில் நனையாத திருநீறு மட்டும் ஆளுருவாய்ப் படிந்திருந்தது. கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "சுடுகாடு எம் வீடு. இது எம் வீட்டுச் சோறு. அஞ்சாமல் உண்ணுங்கள்."

மேழியார் கையிலிருந்த கல் நழுவியது. தம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவரே முதலில் தரையில் அமர்ந்தார். நங்கையார் பரிமாறினார். வெளியூர் நெல் படகேறி வரும்வரை அந்த உலை அணையவில்லை.

ஈசனுக்கே அவர் வீட்டுச் சோற்றை அள்ளி வைத்த குழகனாரின் கைகள் வாழ்க.