தாலி கட்டப்படும்

அரைக்காணிப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவர்கள். நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லாததால் அது நமக்கு வேறு மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர்த் தவசிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஜெயக்கொடி டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் கிறுக்கும் இங்கிலீஷையே வாசிக்கத் தெரிந்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் தவசி அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாள் அவனுக்குத் தலைவலி வந்தது. அவள்மேல் உயிரையே வைத்திருந்தான், பாவம்.

பெண்ணின் தாய்மாமன் காசிமாயன் மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்லிவிட்டார்.

"எம் மருமக இங்கிலீஷ் படிச்சவ. மாப்பிள்ளைக்கும் அதுல கொஞ்சமாச்சும் பழக்கம் வேணும். அப்பறம் மணவறையில எதாச்சும் கோணங்கித்தனம் நடந்துச்சு, பொண்ணக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். பாத்துக்கங்க."

தவசி டவுனில் பொன்னையா சாரின் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான். தனியாகப் போகப் பயந்து கூட்டாளிகள் சங்கிலி, ஒச்சு, மொக்கராசு மூன்று பேரையும் சேர்த்துவிட்டான். அவர்கள் போன அன்றைக்கு அங்கே இருபத்துமூன்றாம் பாடம். முதல் இருபத்திரண்டும் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அவற்றை இனிமேல் படிக்கத் தேவையில்லை என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

பாடம் பாசிவ் வாய்ஸும் காஸேட்டிவும். பொன்னையா சார் மேஜையைத் தட்டிச் சொன்னார்.

"நல்லா மனசுல ஏத்திக்கங்க. நம்ம ஆளு என்ன சொல்லுவான்? நான் முடி வெட்டினேன்பான். வெள்ளைக்காரன் அப்படிச் சொல்லமாட்டான். 'ஐ காட் மை ஹேர் கட்'. அடுத்தவனை விட்டு வெட்ட வச்சேன். வீடு கட்டுனாலும் அப்படித்தான், சட்டை தைச்சாலும் அப்படித்தான். பெரிய மனுசன் எதையும் தன் கையால செய்யறதில்ல. செய்ய வைப்பான். அது காஸேட்டிவ்."

"சரிங்க சார்," என்றார்கள் நால்வரும்.

"டம்ளர் உடைஞ்சிருச்சு. நான் உடைச்சேன்னு எவனாவது ஒத்துக்குவானா? 'தி கிளாஸ் வாஸ் புரோக்கன்'. உடைக்கப்பட்டது. யாருன்னு சொல்ல வேண்டியதே இல்ல. அது பாசிவ் வாய்ஸ். இந்த ரெண்டையும் பிடிச்சுக்கங்க, பொழைச்சுக்குவீங்க."

நால்வரும் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார்.

"எடுக்கப்படும்," என்றான் தவசி.

"யாரு எடுக்கப்போறது?"

"அதச் சொல்ல வேண்டியதே இல்ல," என்றான் சங்கிலி.

கண்டக்டர் விசிலை ஊதி, நால்வரையும் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு புளியமரத்தடியில் தள்ளிவிட்டுப் போனார். சங்கிலிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா? நாமளா எறங்கல. எறக்கிவிடப்பட்டோம். ஒரே பாடத்துல எவ்வளவு தூரம் வந்துட்டோம்."

ஊருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் தவசியின் அக்கா அழகுத்தாய் அண்டாவில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டு மாவு மில்லுக்குப் போனாள். தவசி சங்கிலியை அடிக்க வைத்தான். சங்கிலி ஒச்சுவை அடிக்க வைத்தான். ஒச்சு மொக்கராசுவை அடிக்க வைத்தான். மொக்கராசு சுற்றிப் பார்த்தான். மிச்சம் தவசிதான் இருந்தான். அவனையே அடிக்க வைத்தான். இப்படி வேலை நாலைந்து சுற்று சுற்றி வந்தது. நால்வருக்கும் வேர்த்துக் கொட்டிவிட்டது.

அந்த நேரத்தில் வீட்டுக் கருப்பு ஆடு தண்ணீர் என்று நினைத்து அண்டாவில் தலையை விட்டு, அண்டாவோடு உருண்டு, வால் நுனி வரை வெளுத்து எழுந்து நின்றது.

அழகுத்தாய் வந்து பார்த்தாள். "ஏண்டா, வெள்ளையடிச்சாச்சா?"

"அடிக்கப்பட்டுருச்சுக்கா," என்றான் ஒச்சு.

"செவரு அப்படியே இருக்கே?"

"எதுலன்னு நீ சொல்லலையே," என்றான் மொக்கராசு.

அவள் விளக்குமாற்றைத் தேடினாள். நால்வரும் டவுனுக்கு ஓடினார்கள், மாப்பிள்ளைக்கு முகச்சவரம் பண்ண.

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் தவசிக்குத் திடீரென்று ஞானம் வந்தது. "டேய், நாம பொறந்ததுலேருந்தே இங்க காஸேட்டிவ்லதாண்டா இருந்திருக்கோம்."

சலூன்காரர் கருத்தபாண்டியும் அதே அரைக்காணிப்பட்டிக்காரர்தான். விவரம் கேட்டார். சங்கிலி விளக்கமாகச் சொன்னான். மீசையில் இடது பாதியை எடுத்து முடித்திருந்த கருத்தபாண்டி கத்தியைக் கீழே வைத்தார்.

"முப்பது வருசமா என் கையாலயே செஞ்சுக்கிட்டு இருக்கேனே," என்று தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே நானும் செய்ய வச்சுக்கறேன்."

தன் நாற்காலிகளில் ஒன்றில் அவரே ஏறிச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணத்தன்று வரை அவரை எழுப்ப முடியவில்லை.

ஆக, மாப்பிள்ளை பாதி மீசையோடுதான் மணவறைக்கு வந்தான். காசிமாயன் உற்றுப் பார்த்தார்.

"மீசை பாதி எடுக்கப்பட்டிருக்கு மாமா," என்றான் தவசி மரியாதையாக. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்." மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். எல்லார் கையிலும் அட்சதை. தவசி தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தான். பின்னால் திரும்பிக் கூட்டாளிகளிடம் குசுகுசுத்தான்.

"என் கையாலயா கட்டுறது? மாமா எதிர்ல? சபையில அசிங்கமாப் போயிராது?"

மூன்று பேரும் மணவறையில் ஏறி உட்கார்ந்து ஆலோசனையைத் தொடங்கினார்கள்.

"மூணு முடிச்சுல ரெண்ட யாரு போடுறது?" என்றான் சங்கிலி.

"நாத்தனா. நம்ம அழகுத்தாய் அக்கா."

"பாத்தியா? மாப்பிள்ளை அக்காவ விட்டுப் போட வைக்கிறான். நம்ம முன்னோருக்கு முக்காவாசி இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கு. மொத முடிச்சுலதான் கோட்ட விட்டுட்டாங்க."

"அதையும் ஒருத்தர விட்டுப் போட வச்சுருவோம்," என்றான் ஒச்சு. "நீ போடு சங்கிலி."

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

"அப்படிப் போட்டா பொண்ணு யாரு பொண்டாட்டி?" என்றான் மொக்கராசு. மூவரும் இதை ஆழமாக யோசித்தார்கள்.

மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை மூன்றாம் தடவை முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். நாயனக்காரர் தண்ணீர் கேட்டார். "ராகு காலத்துக்குப் பத்து நிமிசம்தான் இருக்கு," என்றார் ஐயர். காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏய்யா, தாலியக் கட்டுவியா மாட்டியா?"

"கட்டப்படும் மாமா."

"யாரு கட்டுவா?"

"அதச் சொல்ல வேண்டியதே இல்ல மாமா."

"எந்திரிம்மா ஜெயக்கொடி. போவோம்."

அவள் போய்விட்டால் தவசிக்குப் பிறகு எந்த மாத்திரைக்கும் அந்தத் தலைவலி தீராது. கட்டினால் கௌரவம் போகும், கட்டாவிட்டால் அவள் போவாள். பாதி மீசைமேல் கண்ணீர் வழிந்தது. மீசை இல்லாத பக்கம் கொஞ்சம் வேகமாகவே வழிந்தது.

ஜெயக்கொடி எழுந்திருக்கவில்லை. "மாமா, ஒரு நிமிசம்," என்று சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "இத ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"பொன்னையா சாரு. காஸேட்டிவ்."

"பெரிய மனுசங்க தானாச் செய்யமாட்டாங்க, அடுத்தவங்கள செய்ய வைப்பாங்க. அதான?"

"ஆமா."

"சரி. இங்க நான்தான் பெரிய மனுசி. ஒங்கள விட்டுக் கட்ட வைக்கிறேன். கட்டுங்க."

தவசி கூட்டாளிகளைப் பார்த்தான். மூவரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். "இதுல தப்பு சொல்ல முடியாது," என்றான் சங்கிலி. அவன் சொல்லி முடிப்பதற்குள் ஜெயக்கொடி தவசியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தன் கழுத்துக்கு இழுத்துவிட்டாள். முதல் முடிச்சு விழுந்தது. மற்ற இரண்டை அழகுத்தாய் போட்டாள். நாலாம் தடவையாக மேளம் முழங்கியது. எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊருக்குத் திரும்பும் வேனில், பின் சீட்டில் சங்கிலி விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தான்.

"தவசி, கட்ட வச்சது யாரு?"

"ஜெயக்கொடி."

"அப்ப கல்யாணம் பண்ணிக்கிட்டது அந்தப் புள்ள. பண்ணிக்கொள்ளப்பட்டது நீ."

"அப்ப நான் யாரு?"

இரண்டு ஊர் கடந்து போகும் வரை யோசித்தார்கள்.

"பொண்ணு," என்றான் ஒச்சு.

"பாதி மீசைய எடுத்ததும் நல்லதாப் போச்சு," என்றான் மொக்கராசு.

முன்னதாகவே வந்துவிட்ட அழகுத்தாய் வீட்டு வாசலில் ஆரத்தியோடு நின்றாள். ஜெயக்கொடி வலது காலை எடுத்து வைக்கப் போனபோது தவசி முந்திக்கொண்டு வாசற்படியில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"நான் பொறந்து வளந்த வீடு இது," என்று விசும்பினான். "இத விட்டுட்டுப் புகுந்த வீடு போறேன்." கூட்டாளிகள் மூவரையும் கட்டிப்பிடித்து அழுதான். வெள்ளை ஆட்டையும் கட்டிப்பிடித்து அழுதான். வேட்டியில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, அதே வீட்டுக்குள் புகுந்தான்.

ஜெயக்கொடி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள் கூட்டாளிகள் தட்டில் பூவும் பழமும் லட்டும் வைத்து, முறைப்படி தவசியை மறுவீட்டுக்கு அழைக்க வந்தார்கள். புகுந்த வீட்டில் ஒருவரும் குறை வைக்கவில்லை என்று தவசி சொன்னான். அவனை வாசல் வழியாக வெளியே கூட்டிவந்து, வேனில் ஏற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, அதே வாசலில் இறக்கினார்கள். தவசி சுவரைத் தடவிப் பார்த்தான்.

"மூணே நாள்தான்," என்றான் ஏக்கத்தோடு. "நான் இல்லாம வீடே களையிழந்து போச்சு."