செம்பியின் காவல்

கருந்துறைக் காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. மான், பன்றி, முயல், குரங்கு எல்லாம் அங்கேதான் தண்ணீர் குடித்தன. அவற்றுக்கு ஒரு தலைவர் உண்டு. அது எப்போதும் ஆண் விலங்குதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு கோடையில் செந்நாய்க் கூட்டம் பாய்ந்து வந்தது. தலைவராக இருந்த காட்டெருது முதல் ஆளாக ஓடிப்போனது. செம்பி என்ற பெண் கடமான் மட்டும் ஓடவில்லை.

"எல்லோரும் ஏரிக்குள் இறங்குங்கள்!" என்று கத்தினாள். ஆழத்தில் நின்றுகொண்டு, நீந்தி வந்த நாய்களை முன்னங்கால்களால் உதைத்துத் தள்ளினாள். தண்ணீரில் நாய்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை. களைத்துப்போய்த் திரும்பின.

மறுநாள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் கூடியது.

"செம்பியே தலைவியாக இருக்கட்டும்!" என்றாள் மாதுளி என்ற புள்ளிமான். அவள் அப்போது நிறைசூலி.

"பெண்ணா? பக்கத்துக் காடு சிரிக்கும்!" என்றான் கறுப்பன். அவன் வயதான காட்டுப்பன்றி.

"நேற்றுத் தண்ணீரில் நின்று உதைத்தது யார்? நீயா?" என்று கேட்டாள் மாதுளி.

பிறகு நடந்து போய்ச் செம்பியின் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே முயல்கள் போயின, குரங்குகள் போயின. கருந்துறைக் காட்டுக்கு முதல் முறையாக ஒரு தலைவி வந்தாள்.

ஆனால் கறுப்பனின் வாய் ஓயவில்லை. ஏரியில் தண்ணீர் குறைந்தால், "பெண் தலைமை, அதான்!" என்றான். ஒரு குரங்கு கிளை தவறி விழுந்தபோதும் அதையே சொன்னான். காட்டெருது ஓடிப்போனபோது மட்டும், "ஆண் தலைமை, அதான்!" என்று யாரும் சொல்லவில்லை.

செம்பியின் பெரிய காதுகளில் எல்லாம் விழுந்தது. 'ஒரு தப்புகூட நடக்கக் கூடாது. நடந்தால் இனி எந்தப் பெண்ணையும் இந்த இடத்துக்கு வர விடமாட்டார்கள்' என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காலையில் கிழக்குக் கரை, மதியம் விலங்குகள் மண் நக்கும் உப்புப் பள்ளம், மாலையில் மூங்கில் புதர் என்று ஓடினாள். வாயில் புல்லை வைத்தபடியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். விலா எலும்பு தெரிந்தது.

ஏரிக்கரை மரங்களின் மேல் எப்போதும் காவல் இருந்த குரங்குகளையும் கீழே இறங்கச் சொன்னாள்.

"நாங்கள் பார்த்துக்கொள்கிறோமே, தலைவி!" என்றது ஒரு குரங்கு.

"நீங்கள் கண் அசந்துவிட்டால்? பழி என் மேல்தான் விழும். இறங்குங்கள்! நானே பார்த்துக்கொள்கிறேன்."

மாதுளிக்குக் குட்டி பிறந்தது. நாலு நாள் கழித்து அவள் செம்பியை வழிமறித்தாள்.

"அக்கா, குட்டியைப் பார்க்கக்கூட வரவில்லையே!"

"அப்புறம் வருகிறேன், மாதுளி! உப்புப் பள்ளத்தில் கறுப்பன் எல்லோரையும் கூட்டி வைத்து ஏதோ பேசுகிறானாம்!" என்று சொல்லிக்கொண்டே செம்பி ஓடினாள்.

உப்புப் பள்ளத்தில் வாக்குவாதம் மூண்டது.

"உன்னால் முடியாது என்று ஒத்துக்கொள்!" என்றான் கறுப்பன்.

"ஏன் முடியாது? நேற்று மட்டும் மூன்று முறை காட்டைச் சுற்றி வந்தேன்!"

பேச்சு நீண்டுகொண்டே போனது. அப்போது ஏரிக்கரையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. செம்பி மூச்சிரைக்க ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் செந்நாய்கள் போய்விட்டன. கரையில் மாதுளி மட்டும் நின்றிருந்தாள். குட்டி இல்லை.

"மரத்தில் யாருமே இல்லை அக்கா, குரல் கொடுக்க யாருமே இல்லை" என்றாள் மாதுளி.

விலங்குகள் எல்லாம் கூடிவிட்டன. "நான் சொன்னேனா, இல்லையா? பெண்ணைத் தலைமையில் வைத்தால் இதுதான்!" என்று கத்தினான் கறுப்பன்.

செம்பி அவனுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாதுளியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"மாதுளி, குரங்குகளை மரத்திலிருந்து இறக்கியது நான். உங்களைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, இவன் வாயை அடைக்கத்தான் இத்தனை நாளும் ஓடினேன். இது பெண் செய்த தப்பில்லை, செம்பி செய்த தப்பு. விலகு என்றால் விலகிவிடுகிறேன்."

மாதுளி சொன்னாள்: "நீங்கள் விலகினால் என் குட்டி வருமா? குரங்குகளை மேலே ஏற்றுங்கள். இப்போதே ஏற்றுங்கள்!"

குரங்குகள் உடனே மரமேறின. மூங்கில் புதருக்கு முயல்கள் காவலுக்குப் போயின. செம்பி கறுப்பனிடமும் போனாள்.

"இந்தக் காட்டில் உன் மூக்குக்கு ஈடு கிடையாது. வடக்குக் கரைக் காவல் உன்னுடையது."

"என்னையா நம்புகிறாய்?" என்றான் கறுப்பன்.

"நாய் வந்தால் உன் பேரன்களையும்தான் தூக்கும்."

கறுப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றான்.

மழைக்காலம் முடிந்ததும் செந்நாய்கள் மறுபடியும் வந்தன. கறுப்பன் வாடை பிடித்து உறுமினான். குரங்குகள் கூவின. நாய்கள் கரைக்கு வருவதற்குள் குஞ்சுகுட்டி வரை எல்லோரும் ஏரிக்குள் இருந்தார்கள். ஒரு குட்டிகூடப் போகவில்லை.

செம்பி பல வருஷம் தலைவியாக இருந்தாள். கறுப்பன் குறை சொல்வதைக் கடைசிவரை நிறுத்தவில்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மாதுளி மட்டும் அதன் பிறகு அவளோடு அதிகம் பேசவில்லை. பேசு என்று செம்பியும் கேட்கவில்லை.

தன்னை நம்பாதவர்களின் வாயை அடைக்க ஓடுகிற தலைமை, தன்னை நம்பியவர்களைக் காவல் இல்லாமல் விட்டுவிடும்.