இன்னாசி முட்டிக்குப் போட்ட அட்டவணை

"எதுக்கா? ஆழத்துல இருந்து விருட்டுன்னு மேல வந்தா, ரத்தத்துல சோடா மாதிரி நுரை கட்டி மூட்டுக்கு மூட்டு குடையும்ல. அதான் நடுவுல கயித்தப் புடிச்சி நின்னு நின்னு வரணும். எம்புட்டு நேரம் நிக்கணும்னு சொல்றதுதான் இந்த அட்டவணை"ன்னாரு கஸ்பார் அண்ணாச்சி.

தூத்துக்குடி பக்கம், கடலுக்குள்ள முங்கிப் பாலத்துத் தூண்ல வெடிப்பு அடைக்கிற மூணு பேர்ல அவருதான் மூத்தவரு. கேட்டவன் இன்னாசி. புது அட்டவணையச் சோதிக்க அவனத்தான் இறக்கப் போறாங்க.

"நான் ஏன் அண்ணாச்சி?"

"வலிக்குதா இல்லியான்னு சொல்லணும்லா. நம்மள்ல வலியில அனுபவம் உள்ளவன் நீதாம்ல"ன்னான் மூணாவது ஆளு தொபியாஸ்.

வாஸ்தவந்தான். சைக்கிள்ல இருந்து விழுந்ததுல இருந்தே இன்னாசிக்கு வலது முட்டி ஓயாம வலி.

இன்ஜினியர் சொல்லிட்டுப் போனது இம்புட்டுத்தான்: மேல வந்தவனுக்கு மூட்டு வலிச்சா, நிக்கிற நேரத்தக் கூட்டிட்டு மறுபடி பாருங்க.

இன்னாசி முங்குனான், நின்னான், வந்தான். வலிச்சுது. கூட்டுனாங்க. திரும்ப முங்குனான். வலிச்சுது. இன்னும் கூட்டுனாங்க. இன்னாசி பொழுதப் பாத்தான். சாயங்காலம் மக செலினாவப் பொண்ணு பாக்க வாறாங்க. பெத்தவன் கடலுக்குள்ள கயித்தப் புடிச்சிட்டு நின்னா சம்பந்தம் என்னத்துக்கு ஆவும்?

"அண்ணாச்சி, முங்குறதுக்கு முன்னாலயும் வலிச்சுதே!"

கஸ்பார் தாடையத் தடவுனாரு. "உள்ள நிக்கையில?"

"அங்க சுகமாத்தான் இருக்கு."

கஸ்பாரும் தொபியாஸும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க.

"அப்ப தண்ணி மேல குத்தமில்ல. தரைதாம்ல கெட்டுப் போயிருக்கு"ன்னாரு கஸ்பார்.

"அட்டவணையத் தலைகீழால்லா எழுதியிருக்கோம்! தரையில எம்புட்டு நேரம் நிக்கலாம்னுல்ல போடணும்?"ன்னான் தொபியாஸ்.

"முட்டி இருக்க லட்சணத்துக்கு, நிக்கவே கூடாது."

"பின்ன வீட்டுக்கு எப்படில போவேன்?" இன்னாசிக்கு அழுகையே வந்துட்டு.

அதுக்குள்ள கரையில இருந்து அவன் பொண்டாட்டி மெட்டில்டா சத்தம் போட்டா. "ஏங்க! மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாச்சு! வாரியளா, இல்லியா?"

"இந்தா வாறேன்!"

கரையில நின்ன மூணு சக்கர மீன் வண்டியில டிரம்ம ஏத்திக் கடல் தண்ணிய ரொப்புனாங்க. இன்னாசி கஞ்சி போட்ட வெள்ளச் சட்டையோட கழுத்து முங்க உள்ள உக்காந்தான். தொபியாஸ் மிதிச்சான். வண்டி கெளம்பிட்டு.

கஸ்பார் பின்னாலயே ஓடிக்கிட்டு, முன்னால போற மெட்டில்டாவப் பாத்துக் கத்துனாரு:

"ஏ புள்ள, மாப்பிள்ளயத் தரையில ரொம்ப நேரம் உக்கார விடாத! வீட்டுல வேற டிரம் ஏதும் கெடக்கா?"