சரக்காகப் போகிறேன்

கோவையில் பம்பு கம்பெனி நடத்தும் தாமோதரசாமி, ஃபிட்டர் ஆறுச்சாமியை அழைத்தார்.

"இந்தப் பம்பு கப்பல்ல வெளிநாடு போகுது. சேர்ந்ததும் நீ பிளேன்ல போய் மாட்டிக் கொடுத்துட்டு வா."

"அங்கே கலவரம்னு சொல்றாங்க. ஏர்போர்ட்ல இருந்து என்னைக் கூட்டிட்டுப் போக யாருங்க வருவாங்க?"

"சின்னப் பிள்ளையா நீ? முடியாதுன்னா வேலையை விட்டுட்டுப் போ."

ஆறுச்சாமி நேராகப் பேக்கிங் பகுதிக்குப் போனான். முதலாளி பின்னாலேயே வந்து பார்த்தார். பம்புக்குப் பக்கத்தில் இருந்த காலி மரப்பெட்டிக்குள் அவன் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா இது?"

"என்னையும் சரக்கா அனுப்பிடுங்க. பம்புக்கு இன்சூரன்ஸ் இருக்கு. துறைமுகத்துல வாங்கிக்க ஆள் இருக்கு. எங்கே போகுதுன்னு தினமும் போன்ல பார்க்கறீங்க. எனக்கு டிக்கெட் மட்டும்தானுங்களே."

"பம்பு உடைஞ்சா நஷ்டம் எனக்குத்தானே?"

"ஆமாங்க. நான் உடைஞ்சா என் வீட்டுக்குத்தான் நஷ்டம். அதனாலதான் கேட்கறேன்."

பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தார்கள். அவர் குரல் தணிந்தது.

"சரி, எல்லா ஏற்பாடும் செஞ்சுடலாம். இறங்கு."

"செஞ்சு முடிங்க, இறங்கறேன்."

முதலாளி அங்கேயே நின்று போனை எடுத்தார்.